பலகையில் தேடும் ஹலால்: பசியாறப் புறப்படும் நம் குடும்பங்களுக்கு



விடுமுறை நாள் நெருங்கினால் நம் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுகிறது: "காலையில் பசியாற எங்கே போகலாம்?" புதுச்சேரிப் பக்கம் என்றால் விடையும் உடனே வந்துவிடுகிறது. கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் ஒரு காபிக் கடை, தட்டில் மூன்று அடுக்குப் பேன்கேக், மேலே தேன்பாகு, பக்கத்தில் ஒரு படம். யாராவது ஒருவர் மட்டும் "ஹலாலா?" என்று கேட்பார். "பலகை வைத்திருக்கிறார்கள்" என்று இன்னொருவர் சொல்வார். அத்துடன் மார்க்க ஆராய்ச்சி முடிந்துவிடும்.

அந்த ஆராய்ச்சி அங்கே முடியலாகாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். குற்றம் சாட்டுவதென்றால் முதற்குற்றவாளி நான்தான். ஆகவே என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

கனகசெட்டிக்குளத்தில் ஒரு காலை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருவோருக்கு, மரக்காணத்தைத் தாண்டிய பின் புதுச்சேரி எல்லை தொடங்கும் இடம் கனகசெட்டிக்குளம். ஒரு புறம் மீனவர் குடியிருப்பும் கடலும்; சாலையை ஒட்டிக் கடைகள். அதற்குத் தெற்கே காலாப்பட்டு, 1985-இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம், பொறியியல் கல்வி நிலையம், மருத்துவக் கல்லூரி என்று ஒரு வரிசை. மாணவர்களும் நோயாளிகளும் அவர்களுடன் வந்தவர்களுமாக, அதிகாலையிலேயே வெளியூர் மக்கள் வந்து இறங்கும் பகுதி அது.

கடந்த ஷஅபான் மாதத்தில், அப்பகுதி மருத்துவமனை ஒன்றுக்கு என் உம்மாவை இரத்தப் பரிசோதனைக்காக அழைத்துச் சென்றோம். நீரிழிவு நோயாளி, வயது எழுபதைக் கடந்தவர். வெறும் வயிற்றில் ஒரு முறை இரத்தம் எடுக்க வேண்டும். உண்ட இரண்டு மணி நேரத்திற்குப் பின் மறுபடியும் ஒரு முறை எடுக்க வேண்டும். ஏழு மணிக்கு முதல் பரிசோதனை முடிந்தது. "பக்கத்தில்தானே பசியாறப் போகிறோம்" என்று, உணவுக்கு முன் போட வேண்டிய மாத்திரையை அவர் உடனே போட்டுக்கொண்டார்.

சாலையோரத்தில் ஓலை வேய்ந்த ஒரு சிறு கடை இருந்தது. மீனவர் சமூகத்தைச் சேர்ந்த ஓர் அம்மாள் இட்லிப் பானையைத் திறந்துகொண்டிருந்தார். மற்றோர் அடுப்பில் ஆப்பச்சட்டி. பக்கத்தில் முந்தின நாள் வைத்த மீன் குழம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். உம்மா அங்கேயே உட்காரப் போனார். என் மச்சான் தடுத்தார். "இங்கே வேண்டாம் மாமி, ஹலாலா என்று தெரியாது. டவுனுக்குப் போய்விடலாம், நல்ல இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன்." கைபேசியில் அந்த இடத்தைக் காட்டினார். பேன்கேக் படம் அழகாகத்தான் இருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. பிள்ளைகள் பின்னிருக்கையில் ஏற்கெனவே மகிழ்ச்சிக் கூச்சல் போட்டுவிட்டார்கள்.

ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போனோம். சனிக்கிழமை நெரிசல். வண்டி நிறுத்த இடமில்லை. கடையின் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்த இடத்திலேயே உம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கிவிட்டது, வயிற்றிலோ ஒன்றுமில்லை. தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் ஒருவர், கேட்பதற்கு முன்பே ஒரு குவளை நீரில் நான்கு கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்து குடிக்க வைத்தார். அவர் யார், எந்த மதம் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த நேரத்தில் மச்சானும் கேட்கவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், உம்மா தேறிவிட்டார். பின்னர் அந்தக் காபிக் கடையின் உள்ளே போய் உட்கார்ந்தோம். உணவுப் பட்டியலைப் புரட்டினேன். பேன்கேக்கின் கீழே பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்த்த தட்டு ஒன்று. கடைசிப் பக்கத்தில் மது வகைகள். ஓலைக் கடையின் இட்லியைச் சந்தேகித்து, உம்மாவைப் பட்டினி போட்டு, நாங்கள் தேடி வந்து சேர்ந்த இடம் அது.

மீனை அறுத்தது யார்?

மறுவாரம் பரிசோதனை முடிவு வாங்கப் போனபோது, உம்மா யாரையும் கேட்கவில்லை. நேரே ஓலைக் கடைக்குள் போய் உட்கார்ந்து, "ரெண்டு இட்லி, மீன் கொழம்பு" என்றார். மச்சான் தயங்கி நிற்பதைப் பார்த்து அவர் சொன்னது இது: "ஏன் தம்பி நிக்கிறீங்க? மீனை யாரு அறுத்தாங்கன்னு கேக்கப் போறீங்களா?"

எழுத்து வாசனை அதிகம் இல்லாத உம்மாவின் அந்த ஒரு கேள்வி, நம்மில் பலர் மறந்துபோன ஃபிக்ஹுச் சட்டம். கடலில் வேட்டையாடப்பட்டதும் அதன் உணவும் நமக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பதை அல்மாயிதா அத்தியாயம் சொல்கிறது. மீனுக்கு அறுப்பும் இல்லை, அறுப்பவரின் மார்க்கம் பற்றிய கேள்வியும் இல்லை. இறால், நண்டு போன்றவற்றில் ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மீனில் எந்த மத்ஹபிலும் வேறுபாடு இல்லை. கடலோரக் கிராமத்தில் நின்றுகொண்டு "ஹலால் உணவு கிடைக்குமா?" என்று கைபேசியில் தேடுகிறவரை என்னவென்று சொல்வது?

இட்லிக்கு வருவோம். அரிசி, உளுந்து, உப்பு, தண்ணீர். தடை செய்ததற்கு ஆதாரம் இல்லாத வரை பொருள்கள் ஆகுமானவையே என்பது சட்ட அறிஞர்களின் அடிப்படை விதி. மாற்று மதத்தவர் சமைத்தார் என்பதால் சைவ உணவு விலக்கப்பட்டதாகிவிடாது. நபி (ஸல்) அவர்கள் யூதர் ஒருவரின் விருந்தழைப்பை ஏற்று, அவர் அளித்த கோதுமையினும் எளிய வாற்கோதுமை ரொட்டியை உண்டதாக அஹ்மதில் அறிவிப்பு உள்ளது. பயணமொன்றில் இணைவைக்கும் பெண் ஒருவரின் தோல்பையிலிருந்த நீரைத் தோழர்கள் பயன்படுத்தியது புகாரியில் பதிவாகியிருக்கிறது. இறைவன் அல்லாதோருக்குப் படைக்கப்பட்ட உணவு, முறைப்படி அறுக்கப்படாத இறைச்சி, பன்றி, மது ஆகியவற்றின் விலக்கு தெளிவானது. அவற்றில் தளர்வு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விலக்கப்படாததை விலக்கி வைப்பதையும் பேணுதல் என்று அழைக்கிறோமே, அதைத்தான் எதிர்க்கிறேன். அந்தப் பேணுதலின் சுமை எப்போதும் வீட்டிலுள்ள முதியவர் மீதும் குழந்தை மீதும் விழுகிறது. நாம் அதைச் சுமப்பதில்லை.

ஏழை அம்மாளின் ஓலைக் கடையில் எழும் சந்தேகம், குளிரூட்டப்பட்ட கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் எப்படி அகன்றுவிடுகிறது? இதற்கு நேர்மையாக விடை தேடினால், நம் பேணுதலில் மார்க்கம் எவ்வளவு, அந்தஸ்து எவ்வளவு என்பது விளங்கிவிடும்.

பேன்கேக்கின் மீது எனக்குப் பகையில்லை

பேன்கேக் என்பதும், பிரெஞ்சுக்காரரின் கிரெப் என்பதும் மாவு, பால், முட்டை, வெண்ணெய். பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள பிரித்தானிப் பகுதியில் உழவரும் கடலோடிகளும் உண்டு பழகிய எளிய உணவே கிரெப். நம் ஊரில் ஆப்பம் எப்படியோ, அங்கே அது அப்படி. புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சு உறவு புதிதும் அன்று. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிய பின்னும் அந்தப் போக்குவரத்து நின்றுவிடவில்லை. அங்கிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் கிரெப் கேட்டால் அதில் தவறேதும் இல்லை.

ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் அங்கேதான் அதிகம். ஒரே இரும்புக் கல்லில் பன்றி இறைச்சியும் வாட்டப்படுகிறதா? மாவிலோ மேலே ஊற்றும் பாகிலோ மது சேர்க்கப்படுகிறதா? 'கிரெப் சுசெத்' என்ற புகழ்பெற்ற வகையில் ஆரஞ்சு மதுவை ஊற்றித் தீ மூட்டுவதே செய்முறை. மேலே தூவும் மெத்தென்ற மிட்டாயில் உள்ள ஜெலட்டின் எந்த விலங்கின் எலும்பிலிருந்து, எந்தத் தோலிலிருந்து வந்தது? இட்லியிடம் இந்தக் கேள்விகள் எதையும் கேட்க வேண்டியதில்லை. சந்தேகத்திற்கு இடமற்றதைச் சந்தேகித்து, சந்தேகத்திற்கு இடமுள்ளதைப் படம் பார்த்து நம்புகிறோம்.

'ஹலால்' என்ற பலகையைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் அரசின் உணவுத் துறை அந்தச் சான்றை வழங்குவதில்லை. தனியார் அமைப்புகள் சில வழங்குகின்றன. சாலையோரப் பலகைகள் பலவும் உரிமையாளர் தாமே எழுதி மாட்டியவை. அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல், நான்கு எழுத்துகளைப் பார்த்தவுடன் பொறுப்பு முடிந்துவிட்டதாக எண்ணுவது விசாரணை ஆகாது.

கைவிட்ட இரண்டாவது சொல்

திருக்குர்ஆன் உணவைப் பற்றி மனிதர்களை அழைத்துப் பேசும்போது ஹலால், தய்யிப் என்னும் இரு சொற்களை இணைத்தே சொல்கிறது: ஆகுமானது, தூய்மையானது. நாம் முதற்சொல்லைப் பலகையில் எழுதி, இரண்டாம் சொல்லைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டோம்.

முறைப்படி அறுத்த கோழியைப் பத்து முறை கொதித்துக் கறுத்த எண்ணெயில் பொரித்தால் அது தய்யிப் ஆகுமா? பொரித்த எண்ணெயில் சிதைவுப் பொருள்களின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் இந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. மார்க்கம் அதற்கும் முன்பே சொல்லிவிட்டது: பிறருக்குத் தீங்கு இழைக்காதே. பலகையில் பிறை வரைந்துவிட்டு, பின்கட்டில் பதினான்கு வயதுப் பையனைப் பாத்திரம் கழுவ விட்டால் அது தய்யிப் ஆகுமா? உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நீண்ட பயணத்தில் தலை கலைந்து, புழுதி படிந்து, வானத்தை நோக்கிக் கையேந்தும் ஒருவரின் பிரார்த்தனை, அவருடைய உணவும் உடையும் ஹராமாக இருப்பதால் ஏற்கப்படாமல் போவதை முஸ்லிமில் வரும் நபிமொழி எச்சரிக்கிறது. அங்கே பேசப்படுவது கோழியை அறுத்த விதம் மட்டுமன்று; அந்த உணவு எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்பதும்தான்.

எல்லைக் கோட்டில் ஒரு சோதனை

கனகசெட்டிக்குளம் வெறும் ஊர் அன்று, ஓர் எல்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை அரசின் கையில். புதுச்சேரியில் தனியார் உரிமம், விலையும் குறைவு. எனவே எல்லை தாண்டியவுடன் எதைத் தேடிப் பலர் வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2017 மார்ச்சில் சிற்றூர்களுக்கு அத்தொலைவு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைகளுக்குள் அந்தத் தடை பொருந்தாது என்ற விளக்கமும் வந்தது. சட்டம் இப்படி ஏறி இறங்கும். நமக்குள்ள விதி ஏறி இறங்காது. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்ற எச்சரிக்கை திர்மிதியில் உள்ளது. "நாங்கள் குடிக்கவில்லையே, பேன்கேக் மட்டும்தானே உண்கிறோம்" என்று பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லும் பெற்றோர், அந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் அதே இடத்திற்குத் தனியே போகும்போது என்ன சொல்வார்கள்?

"அப்படியானால் புதுச்சேரிக்கே போக முடியாது போலிருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். போகலாம். மது விற்காத, தூய்மையான, வயிறார உண்ணத்தக்க இடங்கள் ஏராளமாக உள்ளன. அவை நம் கைபேசியில் முதலில் வந்து நிற்பதில்லை, அவ்வளவுதான். நேரு வீதியிலுள்ள இந்தியன் காபி ஹவுசை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களில் காபி வாரியம் தன் கடைகளை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலன் போன்றோரின் ஊக்கத்தால் 1957 முதல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, தாங்களே நடத்திய கடைகளின் மரபு அது. பரிமாறுகிறவரே பங்காளராக இருக்கும் உணவகம்! தய்யிப் என்ற சொல்லுக்கு விளக்கம் தேடுகிறவர்கள் அந்த ஏற்பாட்டையும் சற்றுச் சிந்திக்கட்டும்.

நம் அடுப்புகள் ஏன் காலையில் எரிவதில்லை?

இதுவரை உண்பவர்களைக் குறை கூறினேன். இனி உணவகம் நடத்தும் நம் சகோதரர்களிடம் வருகிறேன்.

கடலூரிலிருந்து சென்னை வரை இந்தச் சாலையில் நம்மவர்களின் பிரியாணிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் பெரும்பாலானவை நண்பகலில்தான் திறக்கின்றன. நள்ளிரவு வரை நடக்கின்றன. சுபுஹுத் தொழுதுவிட்டுப் பயணம் புறப்படும் குடும்பத்திற்கு அவற்றின் மூடிய இரும்புக் கதவுகளே வரவேற்பு. தம் சமுதாயத்தின் அதிகாலைகளில் பரக்கத் அருளுமாறு நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்ததை அபூதாவூதிலும் திர்மிதியிலும் படிக்கிறோம். அந்த அதிகாலையை நாம் உறங்கிக் கழிக்கிறோம். கனகசெட்டிக்குளத்து மீனவ அம்மாள் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார். பரக்கத் யாருக்குச் சேரும்?

நம்மிடம் சரக்கு இல்லையா? கடலோர முஸ்லிம் வீடுகளின் காலை உணவைப் போன்ற செல்வம் வேறு யாரிடம் இருக்கிறது? தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பம், முட்டை ஆப்பம், பாயாவுடன் இடியாப்பம், முந்தின இரவு ஆணத்துடன் ரொட்டி, விருந்து நாளில் வட்டலப்பம். 'பசியாறுதல்' என்ற சொல்லையே காலை உணவுக்குப் பெயராக வைத்த மக்கள் நாம். அந்தச் சொல்லில் ஆடம்பரம் இல்லை. பசி ஆற வேண்டும், அவ்வளவே. அந்த உணவுகளெல்லாம் நம் பெண்களின் கைகளிலேயே நின்றுவிட்டன. அவர்களுக்கு அதனால் ஒரு காசு வருமானமும் இல்லை. ஊருக்கு ஒரு கவளமும் இல்லை. பேரப்பிள்ளைகள் வட்டலப்பத்தின் பெயரை மறந்து பேன்கேக்கின் பெயரைக் கற்றால், குற்றம் பேன்கேக்கினுடையதா?

பெண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மவர் நடத்தும் சிறு உணவகங்களில் ஒரு பெண் குழந்தையுடன் அமர்ந்து நிம்மதியாக உண்ண இடமுண்டா? கை கால் கழுவ, ஒளூச் செய்யத் தூய்மையான இடமுண்டா? அது இல்லாததால்தான் நம் பெண்கள் வண்டிக்குள் அமர்ந்து பொட்டலத்தைப் பிரித்து உண்கிறார்கள், அல்லது அந்தக் கண்ணாடிக் கதவுக் கடைக்குப் போகிறார்கள். அங்கே அவர்களுக்கு மரியாதையும் தூய கழிவறையும் கிடைக்கின்றன. அவர்களைக் கண்டிக்கும் முன், அவற்றை நாம் ஏன் தரவில்லை என்று கேட்டுக்கொள்வோம்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

நம் பள்ளிவாசல்கள் பலவற்றைச் சுற்றி வக்ஃபுக் கடைகள் உள்ளன. வாடகை வசூலிப்பதைத் தவிர அவற்றைக் கொண்டு என்ன செய்கிறோம்? ஒரு பள்ளிவாசலுக்கு ஒரே ஒரு கடையைக் காலை உணவகத்திற்கென ஒதுக்கலாம். நிபந்தனைகள் நான்கு போதும்: சுபுஹுக்குப் பின் அரைமணி நேரத்தில் திறக்க வேண்டும், பெண்கள் அமர இடம் இருக்க வேண்டும், தூய கழிவறையும் ஒளூச் செய்யும் இடமும் இருக்க வேண்டும், வேலை செய்வோருக்கு நியாயமான ஊதியம் நாள் தவறாமல் தரப்பட வேண்டும். சமைப்பவர்களாக நம் ஊர் விதவைகளும் எளிய குடும்பப் பெண்களும் இருக்கட்டும், கூட்டுறவாக நடத்தட்டும். உண்ண வருவோர் எந்த மதத்தவராயினும் வரட்டும். நோயாளியுடன் வந்தவர், தேர்வுக்கு வந்த மாணவர், எல்லோருக்கும் பசி ஒன்றுதான்.

குடும்பங்களுக்கும் சில சொற்கள். புறப்படும் முன் வீட்டில் ஒரு கவளமாவது உண்டு கிளம்புங்கள். நீரிழிவு உள்ளவர் கையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். கடைக்குள் நுழைந்தால் பலகையைப் படிப்பதோடு சமையற்கட்டையும் பாருங்கள், தண்ணீர்ப் பானையைப் பாருங்கள், பரிமாறும் பையனின் வயதைப் பாருங்கள். இறைச்சி வேண்டுமென்றால் எங்கிருந்து வருகிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். மனம் தெளியாவிட்டால் இட்லியோ மீனோ உண்ணுங்கள். உணவைப் பழித்து ஊரெங்கும் எழுதாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விருப்பமிருந்தால் உண்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் பேன்கேக் கேட்டால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வீட்டிலேயே மாவைக் கரைத்து அரைமணி நேரம் ஊறவிட்டுச் சுட்டுக் கொடுங்கள். பக்கத்தில் ஆப்பச்சட்டியும் இருக்கட்டும்.

உம்மா இப்போது மருத்துவமனைக்குப் போகும் நாள்களில் தமக்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறார். அந்த ஓலைக் கடை அம்மாள் அவருக்காகக் காரம் குறைத்து மீன் குழம்பு எடுத்து வைக்கிறார். கடந்த பெருநாளுக்கு உம்மா அவருக்கு வட்டலப்பம் கொண்டுபோய்க் கொடுத்தார். கொண்டுபோய்ச் சேர்த்தவர் என் மச்சான்.

வல்ல அல்லாஹ் நம் உணவை ஆகுமானதாகவும் தூய்மையானதாகவும் ஆக்கியருள்வானாக. நம் பேணுதலைப் பெருமையிலிருந்து காப்பானாக. பசித்திருப்போருக்கு நம் அடுப்புகளைப் பயனுள்ளவையாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.